திருகோணமலைப் பிள்ளைகளை வேடர் ஊருக்கும் கச்சேரி என்கிற அரச அலுவலகத்துக்கும் கூட்டிப் போவது எப்படி

பள்ளிக்கூடச் சுற்றுலா என்றதும் நுவரெலியா, பின்னவலை யானைகள், கண்டி, கொஞ்சம் காசு சேர்ந்தால் கொழும்பு என்றுதான் நமக்கு வாயில் வரும். விடிய மூன்று மணிக்கு பஸ் எடுத்து, பாட்டுப் போட்டு ஆடி, இரண்டாம் நாள் இரவு தொண்டை கட்டி வந்து விழுவது. அதில் ஒரு பிழையும் இல்லை, பிள்ளைகளுக்கு அதுவும் வேண்டும். ஆனால் குடியியல் படிக்கிற பிள்ளைக்கும் ஏ.எல்லில் அரசியல் விஞ்ஞானம் எடுத்த பிள்ளைக்கும் இந்த நாட்டின் பழங்குடிகளோடு அரசு எப்படி நடந்துகொள்கிறது என்று நேரே காட்ட வேண்டுமானால் மகியங்கனைப் பக்கம் இருக்கிற வேடர் ஊரான தம்பானை வரை ஓடத் தேவையில்லை. கொட்டியார் குடாவுக்கு அந்தப் பக்கம் போனால் போதும். மூதூர் கிழக்கிலிருந்து ஈச்சிலம்பற்று, வெருகல், அங்கிருந்து வாகரை வரைக்கும் கரையோரமாகத் தமிழ் பேசும் வேடர் குடிகள் இருக்கிறார்கள், நம்மில் பாதிப்பேருக்கு அது தெரியாது.

இதை ஒழுங்கு செய்ய நினைக்கிற ஆசிரியர்களுக்கும் பழைய மாணவர் சங்கக்காரர்களுக்கும் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊரை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினால் அது வேடிக்கை பார்க்கப் போனதாகத்தான் முடியும். ஊரில் காதில் விழுந்த கேள்வியை அரச அலுவலகத்துக்குக் கொண்டுபோக வேண்டும், அங்கே கிடைத்த பதிலைத் திரும்ப ஊருக்குக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். ஆகவே இது ஒரு பயணம் இல்லை, மூன்று போக்குவரத்து: ஒரு முழு நாள் ஊரில், இரண்டு மூன்று வாரம் கழித்து அரை நாள் அலுவலகங்களில், பிறகு பதிலோடு இன்னொரு அரை நாள் ஊரில். மூன்றாவதுக்குக் காசோ நேரமோ வராது என்று இப்போதே தெரிந்தால் முதலாவதையும் தொடங்காதீர்கள். வந்து கேட்டு எழுதிக்கொண்டு போன ஆட்களை அந்த ஊர்கள் நிறையப் பார்த்துவிட்டன.

போவதற்கு முன் வகுப்பில்

குறைந்தது நான்கு பாடவேளை ஒதுக்குங்கள். பிள்ளைகளின் மனதில் வேடர் என்றால் தோளில் கோடரி, கையில் வில், இடுப்பில் துண்டு, அவ்வளவுதான். பாடப்புத்தகப் படமும் டிவியும் அப்படித்தான் பழக்கியிருக்கின்றன. அந்தப் படத்தோடு பஸ்ஸில் ஏற்றினால், இறங்கியதும் சாரமும் டீ-ஷேர்ட்டும் போட்ட ஆளைப் பார்த்து “இவங்களா சேர்?” என்று கேட்கும், அதுவும் அந்த ஆளின் காதில் விழும்படியாக.

அதனால் வரலாற்றை நம் பக்கத்திலிருந்தே தொடங்குங்கள். 1659 கடைசியில் புயலில் பாய்மரம் முறிந்த ஓர் ஆங்கிலேயக் கப்பல் கொட்டியார் குடாவுக்குள் வந்தது, அடுத்த வருடம் அதிலிருந்தவர்களைக் கண்டி அரசனின் ஆட்கள் பிடித்துக்கொண்டு போனார்கள், அதில் ஒருவன் ராபர்ட் நொக்ஸ். பத்தொன்பது வருடத்துக்கு மேல் சிறையிருந்து தப்பிப் போய் 1681இல் அவன் எழுதி வெளியிட்டதில் வேடரைப் பற்றியும் வருகிறது. மூதூரில் இன்றைக்கும் ‘வெள்ளைக்காரன் மரம்’ என்று ஒரு புளியமரத்தின் பேர் சொல்வார்கள், இந்தக் கதைதான் காரணம். பிறகு 1911இல் செலிக்மன் தம்பதி வேடரைப் பற்றி எழுதிய பெரிய ஆய்வில் கரையோர வேடருக்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. அதாவது வெளியில் இருந்து வந்தவர்கள் முந்நூறு, நூறு வருடத்துக்கு முன்பே குறித்துவைத்த ஆட்களை, குடாவுக்கு இந்தப் பக்கம் இருக்கிற நாம் விசாரித்ததில்லை.

அடுத்தது குடிசன மதிப்பீடு. இதற்கு ஒரு பாடவேளை தாராளமாகப் போகும். 2012 மதிப்பீட்டின் இன அட்டவணையைப் பலகையில் எழுதிப் போடுங்கள்: சிங்களவர், இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர், இலங்கைச் சோனகர், பறங்கியர், மலாயர், இலங்கைச் செட்டி, பரதர், ஏனையோர். சின்னச் சின்னத் தொகைக்காரருக்கும் அதில் தனி வரி இருந்தது, வேடருக்கு இல்லை. பிரித்தானியர் காலத்து மதிப்பீடுகளில் இருந்த வரி அது. தம்பானைக்காரர் ‘ஏனையோருக்குள்’ போயிருக்கலாம், தமிழ் பேசுகிற கரையோர வேடர் இலங்கைத் தமிழருக்குள் போய்விட்டார்கள். எண்ணிக்கையே இல்லாத ஒரு சனத்துக்கு எவ்வளவு காணி, எவ்வளவு பாடசாலை, எவ்வளவு நிதி என்று எப்படிக் கணக்குப் போடுவது என்று பிள்ளைகளையே கேளுங்கள். பதில் சொல்லத் தேவையில்லை, அந்தக் கேள்வியோடு பஸ் ஏறட்டும்.

உலகக் கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும், அளவோடு. ஐ.நா. பொதுச்சபை 2007 செப்டெம்பரில் பழங்குடி மக்களின் உரிமைகள் பற்றிய பிரகடனத்தை நிறைவேற்றியபோது இலங்கை ஆதரித்து வாக்களித்தது. எதிர்த்த நான்கு நாடுகள் அமெரிக்கா, கனடா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, பிற்பாடு நாலும் மனம் மாறின. கனடா என்றதும் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காரும், ஏனென்றால் ஸ்காபரோவில் ஒரு மாமாவாவது இருப்பார். அங்கே பழங்குடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து விடுதிப் பாடசாலைகளில் அடைத்தது, அதற்கு 2008இல் பிரதமர் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது, உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு 2015இல் 94 பரிந்துரைகளோடு முடிந்தது, 2021இலிருந்து செப்டெம்பர் 30 அதற்கான நாளாக இருப்பது, இவ்வளவும் போதும். மாமாவுக்கு வட்ஸ்அப்பில் ஒரு கேள்வி அனுப்பச் சொல்லுங்கள்: “நீங்கள் குடியிருக்கிற நிலம் முன்பு யாருடையது என்று உங்களுக்குச் சொல்லித் தந்தார்களா?” சிலர் நீளமாகப் பதில் போடுவார்கள், சிலர் நீல டிக்கோடு நிறுத்திக்கொள்வார்கள், இரண்டையும் வகுப்பில் வாசிக்கலாம்.

எங்கள் நாட்டில் பக்கத்து உதாரணம் மாதுறு ஓயா. 1983இல் அதைத் தேசியப் பூங்காவாக அறிவித்தபோது வேடரின் வேட்டைக்காடும் தேன்காடும் பூங்காவுக்குள் போயின, குடும்பங்களை மகாவலித் திட்டக் குடியேற்றங்களுக்கு அனுப்பினார்கள், ஒரு பகுதியினர் தம்பானையை விட்டுப் போக மறுத்தார்கள். சட்டம் காட்டைக் காப்பாற்றியது, காட்டைக் காப்பாற்றி வந்த ஆட்களை வெளியே போட்டது. இந்த ஒரு கதை பிள்ளைகளுக்கு விளங்கினால் மூதூரில் கேட்கப்போவதில் முக்கால்வாசி விளங்கும்.

கடைசிப் பாடவேளைதான் கஷ்டமானது, தவிர்க்கவும் கூடாது. நல்லிணக்கம் என்றால் நம் பாடசாலைகளில் சிங்களவரும் தமிழரும் சேர்ந்து பொங்கல் வைப்பது, வெசாக் கூடு கட்டுவது. நாம் பாதிக்கப்பட்ட பக்கம், மற்றவர் நமக்குப் பதில் சொல்ல வேண்டிய பக்கம், இப்படியே பழகிவிட்டோம். வேடர் விசயத்தில் அந்தக் கதிரையில் நாம் உட்கார முடியாது. சாதிப் பேச்சில் அவர்களை எங்கே வைத்தோம், “வேடன் மாதிரி” என்று எதற்கெல்லாம் சொன்னோம், அவர்களின் பிள்ளை டவுன் பாடசாலைக்கு வந்தால் எந்த வாங்கில் இருத்தினோம் என்பதெல்லாம் பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்தே தெரியும். எழுதச் சொல்லாதீர்கள், பேர் கேட்காதீர்கள், கதைக்க மட்டும் விடுங்கள். முடிந்தால் கிண்ணியாவிலிருந்து ஒரு முஸ்லிம் பாடசாலையையும் கந்தளாய்ப் பக்கத்துச் சிங்களப் பாடசாலையொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஆளுக்கு ஆறேழு பிள்ளைகள். மூன்று பக்கப் பிள்ளைகளும் ஒரே ஊரில், ஒரே பாயில் இருந்து, ‘நாங்களும் செய்திருக்கிறோம்’ என்று உணர்வதை நான் எந்தப் பாடப்புத்தகத்திலும் பார்த்ததில்லை.

அனுமதி

இரண்டு அனுமதி வேண்டும், ஊரின் அனுமதி முதலாவது. வலயக் கல்வி அலுவலகத்துக் கடிதம் கையில் வந்த பிறகு ஊருக்குப் போய் “இந்தத் தேதியில் வருகிறோம்” என்று சொன்னால் அது அனுமதி கேட்பதில்லை, அறிவிப்பு.

மூதூர் கிழக்கில் பாட்டாளிபுரம், நல்லூர், மலைமுந்தல், சந்தோசபுரம், இலக்கந்தை என்று பல சிறு ஊர்கள். ஒன்றைத் தெரிந்தெடுங்கள், எல்லாவற்றையும் ஒரே நாளில் சுற்ற ஆசைப்படாதீர்கள். கிராம சேவகரிடம் கேட்டால் ஊரின் கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், மீனவர் சங்கம் ஆகியவற்றில் யாரைச் சந்திக்கலாம் என்று சொல்லுவார். ஆனால் அவரோடு சேர்ந்து முதல்தடவை போகாதீர்கள். கிராம சேவகர் பக்கத்தில் நின்றால் ஊர் ஆட்கள் உங்களை நிவாரணப் பதிவுக்கு வந்தவர் என்றுதான் நினைப்பார்கள், பிறகு அந்தக் கணக்கிலேயே எல்லாம் போகும். அந்த ஊர்ப் பாடசாலையில் படிப்பிக்கிற ஒரு ரீச்சர் அகப்பட்டால் அதைவிட நல்ல வழி இல்லை.

சங்கத் தலைவரிடமும் ஊர்ப் பெரியவரிடமும் மூன்று விசயம் நேரே சொல்லுங்கள்: எத்தனை பிள்ளைகள், என்ன கேட்கப் போகிறோம், திரும்ப என்ன கொண்டுவருவோம். வீடு தருவோம், கிணறு தருவோம் என்ற பேச்சுக்கே இடம் கொடுக்காதீர்கள், பாடசாலையால் அது முடியாது. தங்களைப் பழங்குடி என்று சொல்வதை விரும்புகிற குடும்பமும் இருக்கும், அந்தப் பேச்சே வேண்டாம் என்கிற குடும்பமும் இருக்கும். யாரை எப்படிச் சொல்லிக் கூப்பிடுவது என்பதை அவர்களிடமே கேட்டு, பிள்ளைகளுக்கும் அப்படியே சொல்லிக் கொடுங்கள். “வேண்டாம் தம்பி, இந்த வருசம் சரிவராது” என்று சொன்னால், சரி என்று பிளேன்ரீயைக் குடித்துவிட்டு எழும்பி வாருங்கள்.

தேதி குறிக்கும்போது கார்த்திகை, மார்கழியை விட்டுவிடுங்கள், அந்த மாதங்களில் வெருகல் ஆறு எப்போது வீதியில் ஏறும் என்று யாராலும் சொல்ல முடியாது. அறுவடைக் கூலிக்கு ஆட்கள் போகிற நாட்களும் தேனுக்குக் காட்டுக்குப் போகிற நாட்களும் வேண்டாம். அவர்களின் முன்னோருக்கான சடங்கு நடக்கிற நாளில் போகலாமா என்று சில ஆசிரியர்கள் ஆவலாகக் கேட்பார்கள். கூப்பிட்டால் போகலாம், நாமாகக் கேட்கக் கூடாது, கூப்பிட்டாலும் பிள்ளைகளின் கையில் போன் இருக்கக் கூடாது.

வலயத்துக்குப் போகிற பைல் எல்லாருக்கும் தெரிந்ததுதான்: அதிபரின் கடிதம், பெயர்ப்பட்டியல், பெற்றோர் சம்மதம், பெண் பிள்ளைகள் இருந்தால் கட்டாயம் பெண் ஆசிரியர், முதலுதவிக்கு ஒருவர், பஸ்ஸின் காப்புறுதியும் வழி அனுமதியும், போகவர நேரம். நோக்கம் என்ற இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். ‘வேடர்களைப் பார்வையிடல்’ என்று எழுதாதீர்கள். ‘குடியியற் கல்விக்கான களப்பயிற்சி: சமூகமும் அரச நிர்வாகமும்’ என்று எழுதினால் பொருளும் சரி, மேசையில் இருக்கிறவருக்கும் கையெழுத்து வைக்கச் சுகம். மூதூர் வேறு கல்வி வலயம் என்பதால் அங்கேயும் ஒரு பிரதி கொடுத்து வையுங்கள்.

பஸ்ஸும் சாப்பாடும்

இருபது, இருபத்தைந்து பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம். ஐம்பது பேர் ஒரு சின்ன ஊருக்குள் இறங்கினால் அந்த ஊரில் அன்றைக்கு வேறொரு வேலையும் நடக்காது. சின்ன பஸ் ஒன்று போதும், உள்வீதிகளில் பெரியது திரும்பவும் கஷ்டம். டவுனிலிருந்து கிண்ணியாப் பாலத்தால் மூதூர் போய், அங்கிருந்து கட்டைபறிச்சான், சேனையூர்ப் பக்கமாக உள்ளே. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும் வரைக்கும் அந்தக் கரைக்குப் போக ஓடம் பார்த்துக்கொண்டு நின்ற கதையை வயதான ஆசிரியர் யாராவது பாலத்தில் வைத்துச் சொல்லலாம். சம்பூரைக் கடக்கும்போது 2006ஐச் சொல்லாமல் போக முடியாது: போரில் மூதூர் கிழக்கு முழுக்க இடம்பெயர்ந்தது, அடுத்த வருடம் சம்பூர் உயர் பாதுகாப்பு வலயமானது, அனல் மின் நிலையத்துக்கென்று ஒதுக்கிய காணியும் அதற்குள் வந்தது, சம்பூர்க்காரர் 2015க்குப் பிறகுதான் திரும்பக் கால் வைத்தார்கள், 2016இல் அந்த மின் நிலையத் திட்டமே கைவிடப்பட்டது. வேடர் குடும்பங்களும் அதே சுனாமியையும் அதே இடப்பெயர்வையும் தாண்டி வந்தவைதான். ஆனால் இடப்பெயர்வைப் பற்றி எழுதியவர்களில் எத்தனை பேர் அவர்களைத் தனியாகக் கேட்டார்கள் என்பது வேறு.

மதியச் சாப்பாட்டை டவுனில் பார்சல் கட்டிக்கொண்டு போகாதீர்கள். மாதர் சங்கத்திடம் முன்கூட்டியே சொல்லி, தலைக்கு இவ்வளவு என்று பேசி, பாதிக் காசை முதலே கொடுத்து, அங்கேயே சமைக்கச் சொல்லுங்கள். சோறு, மீன்குழம்பு, சொதி, ஒரு கீரை. கொப்பி, பேனை, பழைய உடுப்பு என்று மூட்டை கட்டிக்கொண்டு போய் வரிசையில் நிறுத்திக் கொடுத்துப் படம் எடுக்கிற வேலையை அடியோடு விடுங்கள், அதுவும் பாடசாலைப் பதாகையைப் பிடித்துக்கொண்டு. ஏதாவது கொடுக்கத்தான் வேண்டும் என்றால் அந்த ஊர்ப் பாடசாலை அதிபரிடம் சத்தமில்லாமல் கொடுக்கலாம்.

ஊரில்

காலையில் முதல் ஒரு மணித்தியாலம் பிள்ளைகள் கேள்வியே கேட்கக் கூடாது. மரத்தடியில் பாயில் உட்கார வேண்டும், ஊர்க்காரர் கதைப்பதைக் கேட்க வேண்டும். ஐயா, அம்மா, ஆச்சி என்று வாயில் வர வேண்டும், “அவங்க” “இவங்க” இல்லை. நீங்கள் யார், எந்த ஊர், அப்பா என்ன வேலை என்று அவர்கள் கேட்பார்கள், அதற்குப் பிள்ளைகள்தான் பதில் சொல்ல வேண்டும், ஆசிரியர் முந்தக் கூடாது.

“வேட்டைக்குப் போவீங்களா?” என்ற கேள்வியைப் பஸ்ஸிலேயே தடை செய்துவிடுங்கள். வனசீவராசிகள் சட்டம் 1937இலிருந்து இருக்கிறது, காட்டு மிருகம் வேட்டையாடுவது குற்றம், அப்படியிருக்க இருபது பேர் முன்னால் ஒரு மனுசனிடம் அதைக் கேட்பது அவரை வழக்குக்கு வாக்குமூலம் கொடுக்கச் சொல்வதற்குச் சமம். பாட்டுப் பாடிக் காட்டுங்கள், மந்திரம் சொல்லிக் காட்டுங்கள் என்பதும் வேண்டாம். “உங்கள் அப்பா காலத்தில் எது வரைக்கும் தேனுக்குப் போவார்கள், இப்போது எது வரைக்கும் போகலாம்?” என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்விக்கு அரை மணித்தியாலம் பதில் வரும். கை நீட்டிக் காட்டுவார்கள், எழும்பிக் கூட்டிக்கொண்டே போனாலும் போவார்கள். வழியில் பற்றைக்குள் ஓர் எல்லைக்கல் நிற்கும். அந்தக் கல்லை எந்தத் திணைக்களம் போட்டது, எந்த வருடம் போட்டது, போடும்போது ஊரில் யாரையாவது கேட்டார்களா என்று பிள்ளைகள் குறித்துக்கொள்ளட்டும். அலுவலக நாளுக்கான முதல் கேள்வி அதுதான்.

களப்பு, கடல் பற்றியும் இப்படியே: உல்லைக்கழிக் களப்பில் யார் இறால் பிடிக்கலாம், அனுமதிப்பத்திரம் யாருக்கு உண்டு, வலை யாருடையது, பிடித்ததை யார் என்ன விலைக்கு எடுக்கிறார்கள்.

பின்னேரம் ஆட்கள் கொஞ்சம் பழகிய பிறகு, ஒரு வீட்டிலாவது அம்மா ஒருவர் உள்ளே போய்க் கூரை வளையில் சொருகியிருக்கும் ஷொப்பிங் பேக் ஒன்றைக் கொண்டுவந்து பாயில் கொட்டுவார். பழைய கிளினிக் அட்டை, சுனாமி நேரத்துப் பதிவுத் துண்டு, இடம்பெயர்ந்து இருந்த முகாமின் அட்டை, எப்போதோ எழுதிய விண்ணப்பத்தின் பிரதி, அதற்கு ‘கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளது’ என்று வந்த ஒரு பதில், சிங்களத்தில் மட்டும் இருக்கிற ஒரு கடிதம், மடிப்பில் கிழிந்து சலோட்டேப் ஒட்டின காணிப் பெர்மிட்டின் போட்டோக்கொப்பி. “இதில் என்ன எழுதியிருக்கு பிள்ள?” என்று கேட்பார். இதுதான் அந்த நாளின் மையம், மற்றதெல்லாம் இதற்கு முன்னுரை. கந்தளாய்ப் பிள்ளைகள் வந்திருந்தால் சிங்களக் கடிதத்தை அவர்கள் வாசித்து, மற்றவர்கள் தமிழில் சொல்லட்டும். ஒவ்வொரு கடதாசியிலும் தேதி, அனுப்பிய அலுவலகம், இலக்கம் எங்கே இருக்கும் என்று பார்க்கப் பழக்குங்கள். அனுமதி கேட்டுத்தான் குறிக்க வேண்டும். அடையாள அட்டை இலக்கத்தையும் ஆளின் பேரையும் கொப்பியில் எழுதக் கூடாது, போனில் படம் எடுக்கவே கூடாது.

பிறப்புச் சான்றிதழ் இல்லாத பிள்ளையைப் பற்றிய பேச்சும் வரக்கூடும். டவுன் பிள்ளைக்கு ஓ.எல் வருடம் அடையாள அட்டை எடுப்பது ஒரு கையெழுத்து வேலை. பிறப்புச் சான்றிதழே இல்லாவிட்டால் அடையாள அட்டை இல்லை, அது இல்லாவிட்டால் பரீட்சை மண்டபத்திலிருந்து வங்கிக் கணக்கு வரைக்கும் ஒவ்வொரு வாசலிலும் நிற்க வேண்டியதுதான்.

எந்தக் கேள்வி எந்தக் கதவுக்கு

ஊரிலிருந்து வந்த அடுத்த வாரம் வகுப்பில் கேள்விகளைப் பிரியுங்கள். இலங்கை நிர்வாகம் பற்றிப் புத்தகத்தில் படிக்கிற நூறு பக்கமும் இங்கே ஒரு பலகைக்குள் வந்துவிடும். அரச காணிப் பெர்மிட் என்றால் அது பெரும்பாலும் 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்தது, பிரதேச செயலகத்தின் காணிக் கிளையில் கேட்க வேண்டும், அதற்கு மேல் மாகாணக் காணி ஆணையாளர். காட்டு எல்லைக்கல் என்றால் வன இலாகா, அது கொழும்பின் கீழ். சரணாலயம், மிருகம், யானை என்றால் வனசீவராசிகள் திணைக்களம், அதுவும் கொழும்பு, ஆனால் வேறு திணைக்களம். களப்புக்குக் கடற்றொழில் திணைக்களம். கரையிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்குள் கொட்டில் போடுவது கரையோரம் பேணல் திணைக்களத்தின் விசயம். உள்வீதி பெரும்பாலும் பிரதேச சபை, பாடசாலை மாகாணக் கல்வித் திணைக்களமும் வலயமும், அடையாள அட்டை கிராம சேவகர் வழியாக ஆட்பதிவுத் திணைக்களம். ஒரே குடும்பம், ஒரு பரப்பு நிலம், ஆனால் ஏழெட்டுக் கதவு.

இரண்டு விசயத்தைக் கட்டாயம் விளக்குங்கள். ஒன்று, 2001இல் வந்த 5ஆம் இலக்கச் சுற்றறிக்கை. வர்த்தமானியில் ஒதுக்காத மிச்சக் காடுகளையும் வன இலாகாவின் பொறுப்பில் வைத்தது அதுதான். 2020இல் அதை ரத்துச் செய்து அந்தக் காணிகள் பற்றிய முடிவைத் திரும்ப மாவட்ட, பிரதேச செயலகங்களின் பக்கம் கொண்டுவந்தார்கள். காட்டை அழிக்க வழி திறக்கிறது என்று சூழலியலாளர் எதிர்த்தார்கள், காடு வெட்டிப் பயிர் செய்கிற சேனைக் காணி திரும்பக் கிடைக்கும் என்று ஊர்க்காரர் நினைத்தார்கள். இரண்டு பக்கமும் சொல்வதில் நியாயம் இருக்கிறது, பிள்ளைகள் இதை வைத்து விவாதம் நடத்தலாம். மற்றது மாகாண சபை. அதைக் கொண்டுவந்த அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் 1987இல் வந்தது, காணியும் மாகாணப் பட்டியலில் இருக்கிறது, ஆனால் அரச காணி அரசின் கையில்தான் என்றும் அதே திருத்தம் சொல்கிறது. கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது, அதற்குப் பிறகு தேர்தல் இல்லை, ஆளுநரும் அதிகாரிகளுமே நடத்துகிறார்கள். ‘உங்கள் மாகாண சபை உறுப்பினரிடம் சொல்லுங்கள்’ என்று பாடப்புத்தகம் சொன்னால் அப்படியொரு ஆள் இப்போது இல்லை.

அலுவலக நாள்

பிரதேச செயலாளரைச் சந்திக்க நேரம் கேட்டுக் கடிதம் கொடுக்கும்போது கேள்விகளையும் சேர்த்துக் கொடுங்கள். திடீரென்று மடக்குவதில் ஒரு பிரயோசனமும் இல்லை, பைலைப் பார்க்காமல் பதில் சொன்னால் ‘ஆராய்ந்து பார்க்கிறோம்’ என்பதைத் தவிர வேறென்ன வரும். செயலாளர் வரவேற்றுப் பேசுவார், படம் எடுப்பார்கள், பிறகு காணி உத்தியோகத்தரிடமும் சமூக சேவை உத்தியோகத்தரிடமும் உட்கார விடுங்கள் என்று கேளுங்கள். விசயம் அந்த மேசைகளில்தான் இருக்கிறது. ஊர் மூதூரா வெருகலா என்று பார்த்துச் சரியான பிரதேச செயலகத்துக்குப் போங்கள், இந்த மாவட்டத்தில் 11 செயலகம். வன இலாகா அலுவலகத்துக்கு வேறு கடிதம், அங்கே நாலைந்து பிள்ளைகள் போனால் போதும்.

ஒரு பிள்ளைக்கு ஒரு கேள்வி. “ஏன் கொடுக்கவில்லை?” என்று தொடங்கினால் உத்தியோகத்தர் கதவைச் சாத்திக்கொள்வார். “இந்த முடிவை எந்தச் சட்டத்தின் கீழ் யார் எடுக்கலாம் சேர்? இப்போது அது யாருடைய மேசையில் இருக்கு?” என்று கேட்டால் அவரே வரைபடத்தை விரிப்பார். அனேகமானவர்கள் நல்லவர்கள்தான், தங்களுக்கும் மேலேயிருந்து பதில் வரவில்லை என்பதைச் சொல்ல வெட்கப்படுகிறார்கள், அவ்வளவுதான். “கொழும்புக்கு அனுப்பியிருக்கு” என்றால் எந்தத் தேதியில், எந்தக் கடித இலக்கத்தில் என்று பணிவாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

எழுத்தில் பதில் வேண்டுமென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது, 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கம். ஒவ்வொரு அரச நிறுவனத்திலும் தகவல் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும், தமிழிலேயே எழுதலாம், ஏன் கேட்கிறாய் என்று அவர் கேட்க முடியாது, விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு, அதற்கும் மேல் ஆணைக்குழு. விண்ணப்பத்தில் ஆசிரியர் கையெழுத்து வைப்பது நல்லது, பிள்ளைகளின் பேரில் போட வேண்டாம். கொடுத்ததற்கான பற்றுச்சீட்டை வாங்காமல் எழும்பாதீர்கள். கேள்வி குறுகலாக இருக்க வேண்டும்: ‘பழங்குடி மக்களுக்கு என்ன செய்தீர்கள்’ என்று கேட்டால் ஒரு பக்கம் வாழ்த்துரை வரும், ‘இந்த கிராம சேவகர் பிரிவில் கடந்த ஐந்து வருடத்தில் கிடைத்த காணி விண்ணப்பங்கள் எத்தனை, தீர்வானவை எத்தனை’ என்று கேட்டால் எண் வரும். நேரம் மிஞ்சினால் டவுனிலேயே மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் இருக்கிறது, ஒரு முறைப்பாடு எப்படிப் பதியப்படுகிறது என்று பார்த்துவிட்டு வரலாம்.

திரும்பப் போவது

பிள்ளைகள் எழுதிய அறிக்கையை முதலில் வாசிக்க வேண்டிய ஆட்கள் ஊர்க்காரர்தான், அதிபரோ வலயமோ இல்லை. இரண்டு பக்கத்துக்கு மேல் போகாமல், பேர்களை மாற்றி, பெரிய எழுத்தில் அச்சடித்துக்கொண்டு போய் மரத்தடியில் சத்தமாக வாசியுங்கள். “அதை எடுத்துப்போடு பிள்ள” என்று சொன்னால் அங்கேயே பேனையால் வெட்டுங்கள். பிறகுதான் பாடசாலைக் கண்காட்சி, அதை ஓகஸ்ட் 9, உலகப் பழங்குடிகள் தினத்தில் வைத்தால் நல்லது, மேடையில் வில்லும் கோடரியும் பிடித்த மாறுவேடப் போட்டி வேண்டாம்.

அலுவலகங்களில் கிடைத்த பதிலை ஒவ்வொரு கேள்வியாகச் சொல்லுங்கள்: இது கிடைத்தது, இது கிடைக்கவில்லை, இதற்கு இன்ன இலக்கத்தில் கடிதம் போயிருக்கிறது, அடுத்ததாக நீங்கள் இன்ன படிவத்தில் இன்னாரிடம் கேட்கலாம். சில கேள்விக்கு ‘இல்லை’ என்பதுதான் பதிலாக இருக்கும், அதையும் பூசி மெழுகாமல் சொல்ல வேண்டும். நடமாடும் சேவை எப்போது வருகிறது என்று பிரதேச செயலகத்தில் கேட்டு வைத்திருந்தால், பிறப்புச் சான்றிதழ் இல்லாத குடும்பங்களுக்கு எந்தெந்தக் கடதாசி தேவை என்று அன்றைக்கே பட்டியல் போட்டுக் கொடுத்துவிடலாம், இந்த வேலையைப் பிள்ளைகள் பெரியவர்களைவிட நன்றாகச் செய்வார்கள்.

பைல் இரண்டு போடுங்கள். கடிதங்களின் பிரதி, தகவல் விண்ணப்பங்களின் பற்றுச்சீட்டு, பதில்கள் எல்லாம் ஒன்றில் கிராம அபிவிருத்திச் சங்கத்திடம், மற்றது பாடசாலை நூலகத்தில். தகவல் விண்ணப்பத்தின் பதில்கள் பாடசாலை விலாசத்துக்குத்தான் வரும், நமக்கோ எந்த ஜனவரியில் இடமாற்றக் கடிதம் வரும் என்று தெரியாது. ஆகவே பொறுப்பு எடுக்கிற அடுத்த ஆசிரியரிடம் பைலைக் கையெழுத்து வாங்கிக் கொடுத்து, சங்கத் தலைவரின் போன் நம்பரையும் அவருக்குக் கொடுத்துவிட்டு, மாறிப்போகிற செய்தியை ஊருக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள்.